கழுத்துக்குள் நாலு மாமியார்கள்

பாக்கியசீலியைக் கடல் உள்ளே விட மறுத்த அன்றைக்குக் கோரைமுனையில் நெத்திலி மலிந்து கிடந்ததால் அதைப் பற்றி உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கரை முழுக்க நெத்திலி, கூடை முழுக்க நெத்திலி, மாதா கோயில் வாசல் வரைக்கும் காயப்போட்ட நெத்திலி, அதைக் காக்காயிடமிருந்து காப்பாற்றவே ஊருக்குக் கை போதவில்லை. இதற்கு நடுவில் ஒரு பொம்பளை தண்ணீரில் முங்கமாட்டேன் என்று மிதந்தால் அதை யார் போய் விசாரிப்பது?

ஆனால் மிதந்தவள் சாதாரணப் பொம்பளை இல்லை. கோரைமுனைப் பாசிக்காரிகளுக்கெல்லாம் தலைவி அவள். அங்கே பெண்கள் விடிந்ததும் வள்ளத்தில் ஏறிப் பாருக்குப் போவார்கள், அதாவது கடலுக்குள்ளே பாறை எழும்பி நிற்கிற இடத்துக்கு. சேலைக்கு மேலே புருசனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையைத் துண்டால் மூடி, விரலுக்கு விரல் துணி சுற்றி, கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தலைகீழாக முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்பு வலைப்பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். இதைச் சீலி சமைஞ்ச நாளிலிருந்து செய்கிறாள். இப்போது அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. முங்குவதற்கு அவள் யோசிப்பதே இல்லை, நாம் வாசப்படி இறங்க யோசிக்கிறோமா என்ன.

அன்றைக்கும் அப்படித்தான் தலையைக் கவிழ்த்துக் காலை உதைத்தாள். தலை இறங்கவில்லை. இன்னும் ஓங்கி உதைத்தாள். தண்ணீர் அவளைப் பதமாகத் தூக்கி, மல்லாக்கத் திருப்பி, வானத்தைப் பார்க்க வைத்துவிட்டது.

"என்ன மைனி, படுத்துட்டீங்க?" என்று பக்கத்துப் பாறையிலிருந்து கேட்டாள் ஞானப்பூ. சீலியின் புருசன் தொம்மையுடைய தங்கச்சி அவள், சீலியை விட ரெண்டு வயசு இளையவள்.

"படுக்கலடி. முங்க மாட்டேங்குது."

"காலையில என்ன தின்னீங்க?"

"நீ தின்னதத்தான் தின்னேன்!"

ரெண்டு பெண்கள் வந்து சீலியின் மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மிதந்தாள். சரி, முங்காது என்று முடிவாகிவிட்டது, அப்புறம் என்ன, ஆளாளுக்கு வேலை இருந்தது, போய்விட்டார்கள்.

கோரைமுனைக்காரர்கள் எதையும் வீணாக்குகிற ஆட்கள் கிடையாது. ஒரு வாரத்துக்குள்ளே பாசி நிறைந்த வலைப்பைகளையெல்லாம் கொண்டுவந்து சீலியின் கையிலும் காலிலும் தொங்கவிடத் தொடங்கினார்கள், வள்ளம் வரைக்கும் நீந்துவது மிச்சம் என்று. வெற்றிலைப் பெட்டியும் தண்ணீர்க் கேனும் அவள் வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தன. ஆம்பளைகள் பாறையில் வள்ளம் மோதாமலிருக்க அவளிடம் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பங்குச் சாமியார், விசுவாசம் உள்ளவர்கள் மிதப்பார்கள் என்று பிரசங்கத்தில் சொன்னார். காளி கோயில் பூசாரி, அதெல்லாம் இல்லை, போன கொடைத் திருவிழாவுக்கு அவள் போட்ட மாவிளக்குதான் காரணம் என்றார். ரெண்டு பேரும் டீக்கடையில் சந்தித்தபோது இதைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்துப் பார்க்க வந்தவர்கள், இவ்வளவுதானா, நாங்கள் பறப்பாள் என்றல்லவா நினைத்தோம் என்று குறைப்பட்டுக்கொண்டு கருவாடு வாங்கிப் போனார்கள்.

எல்லாருக்கும் சௌகரியம். சீலிக்கு மட்டும் நெஞ்சு வெந்தது.

காரணத்தைச் சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். கல்யாணம் கட்டி வந்த நாள் முதல் கண் முழிப்பதிலிருந்து கண் மூடுவது வரை அவளை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சீலி, சுடுதண்ணி எங்க. சீலி, சட்டை எங்க. மைனி, இதைக் கேளுங்க. சின்னம்மா, அவளைக் கண்டிச்சு வையுங்க. தலைவி, எங்க பங்கு குறையுது. செத்துப்போன மாமியார் கூடச் சாகிற அன்றைக்கு அவளைத்தான் கூப்பிட்டாள், விளக்கை ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று கேட்பதற்கு. பூமியிலே அவளை யாரும் கூப்பிட முடியாத ஒரே இடம் தண்ணீருக்கு அடியில்தான் இருந்தது. ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு மூச்சுக்காகத்தான் மற்ற மூச்சையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்த வாசலும் அடைத்துவிட்டது. மிதந்துகொண்டே அழுதாள். முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இதோடு இன்னொரு விசயமும் இருந்தது. கோடையில் பாசி வளரட்டும் என்று கோரைமுனைப் பெண்கள் கடலுக்கு லீவு விட்டுவிடுவார்கள். லீவு முடிகிற அன்றைக்கு முதல் முங்கு. பாரின் அடியில் ஒரு அம்மிக்கல் கிடக்கிறது. மாமியாரோடு சண்டை போட்ட எந்த மருமகள் வள்ளத்திலேற்றிக் கொண்டுபோய்ப் போட்டாளோ, யாருக்கும் தெரியாது. தலைவி தன்னந்தனியாக முங்கி அந்த அம்மிக்கல்லைத் தொட்டு, அதன் பக்கத்தில் முளைத்த பாசியில் ஒரு பிடி பிய்த்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தலையை நனைக்கலாம். தலைவியால் முடியாவிட்டால் முடிந்தவள் எவளோ அவள்தான் தலைவி. எந்தப் பாரில் எப்போது இறங்கலாம், எப்போது கூடாது என்பதெல்லாம் அப்புறம் அவள் பேச்சு. முங்க முடியாதவள் கரையில் உட்கார்ந்து பாசிக் குப்பை பொறுக்க வேண்டியதுதான், வள்ளத்தில் கூட இடம் கிடையாது.

ஞானப்பூ அந்த நாளுக்காகத்தான் வருசக்கணக்காகக் காத்திருந்தாள். மனசிலே கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை, ஆசைதான். "மைனி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொன்ன விதத்திலேயே சீலிக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

லீவு தொடங்கியது. ஊர் கூடி யோசித்தது. இங்கேதான் ஒரு தப்பைச் செய்தார்கள், அதைக் கோரைமுனைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வெயிலில் காய்ந்தால் எடை குறையும் என்பது அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நெத்திலி காய்ந்தால் லேசாகும், வாளை காய்ந்தால் லேசாகும், பாசி காய்ந்தால் மூட்டையை ஒரு விரலில் தூக்கலாம். அப்படியானால் சீலிக்கு என்ன ஆகியிருக்கிறது? காலமெல்லாம் வெயிலில் கிடந்து காய்ந்துவிட்டாள்! இதைக் கண்டுபிடித்ததும் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. உடனே அவளைக் கொண்டுபோய் உள் அறையில் படுக்க வைத்து, ஜன்னலை அடைத்து, மேலே ஈரச்சாக்கு விரித்தார்கள்.

தொம்மை நல்ல மனுசன், பொண்டாட்டி மேல் உயிர். அவளை ஒரு செம்பு தூக்க விடவில்லை. காலைக் கீழே வைக்க விடவில்லை. தன் கையாலே மீனைப் பிட்டு, முள்ளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, வெறும் சதையை ஊட்டினான்.

"நானே தின்னுக்குவேங்க."

"சும்மா கிட சீலி. லேசான உடம்பு, எங்கயாவது இடிச்சுக்குவ."

முள்ளெல்லாம் வீட்டுப் பூனைக்குப் போயிற்று. பூனை நாளுக்கு நாள் கனத்தது. அது கூரையில் நடந்தால் ஓடு உடைந்தது, மடியில் படுத்தால் தொம்மைக்குக் கால் மரத்தது. சீலியோ நாளுக்கு நாள் லேசானாள். மேல்தட்டில் இருக்கிற புளிச்சாடியை எட்டப் போனால் கை எட்டவில்லை. அலமாரி வளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். கட்டிய சேலை தரையில் இழுபட்டது. சேலையும் வளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். கடைசியில் ஒருநாள் குளிப்பதற்காகத் தண்ணீர் டிரம்முக்குள் இறங்கினாள் பாருங்கள், டிரம் அவளை அப்படியே மேலே எத்திவிட்டது. முதுகு விளிம்பில் இடித்து, அம்மாடி என்று விழுந்தவளைத் தொம்மை தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினான். தோளில் ஆள் இருப்பதே தெரியவில்லை, வழியில் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

டாக்டரம்மா ஜெய்லானி அந்தக் கடற்கரைக்கு மாற்றலாகி வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். மிதக்கிறாள் என்றதும் தலையாட்டினார். "மிதக்கறீங்க. சரி. மாதவிடாய் நின்னு எத்தனை வருசம் ஆச்சு?"

தொம்மை உடனே எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தென்னை மரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொல்லி, அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சீலியின் எலும்பெல்லாம் கண்ணி கண்ணியாகத் தெரிந்தது.

"என் வலைப்பை மாதிரி இருக்கே டாக்டரம்மா."

"அதேதான். இப்ப கேளுங்க. ரத்தத்துல கால்சியம்னு ஒரு சத்து, சுண்ணாம்புச் சத்து, எந்நேரமும் அளவா இருக்கணும். குழம்புக்கு உப்பு மாதிரி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைஞ்சா கைகால் இழுத்துக்கும், இதயம் தாளம் தப்பும். அதைக் காவல் காக்கத்தான் உங்க கழுத்துல அரிசி மணி மாதிரி நாலு சுரப்பி இருக்கு. ரத்தத்துல கொஞ்சம் குறைஞ்சுச்சோ, ஒரு ஹார்மோனை விட்டு அதட்டும், எங்கிருந்தாவது கொண்டா, இப்பவே கொண்டான்னு."

"நாலா?" என்றாள் சீலி.

"நாலு. வயசுப் பிள்ளையா இருக்கறப்ப வெயில் பட்டாத் தோல்ல வைட்டமின் டி ஊறும், சிறுநீரகம் அதைப் பக்குவம் பண்ணும், அதை வச்சுக் குடல் நீங்க தின்ன சோத்துல இருந்து கால்சியத்த எடுத்துக் குடுக்கும். நாலும் சத்தம் போடாம உக்காந்திருக்கும். வயசாக ஆகத் தோலுக்குச் சோம்பல், சிறுநீரகத்துக்குச் சோம்பல், குடல் எனக்கென்னன்னு இருந்துடும். நீங்க வேற, ஆயுசெல்லாம் வெயில்ல நின்னும் உடம்பு பூரா சட்டையும் துணியும் சுத்திக்கிட்டு நின்னிருக்கீங்க. அப்ப அந்த நாலும் எங்க போவும்? எலும்புக்கிட்டதான். எலும்பைக் கரைக்கிற ஆளும் உள்ள இருக்கு, கட்டுற ஆளும் இருக்கு. கரைக்கிறவங்களைக் கையைப் பிடிச்சு நிறுத்திவைக்க ஈஸ்ட்ரோஜன்னு ஒருத்தி இருந்தா. மாதவிடாய் நின்னதும் அவளும் கிளம்பிட்டா. இப்ப கேக்க ஆளில்ல."

சீலி மெல்லத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "ஒரு மாமியாருக்கே நான் பட்டது போதும். உள்ள நாலு பேரா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கெட்டவங்க இல்லம்மா. வீட்டுல அடுப்பு அணையக் கூடாது. விறகு வரலைன்னா என்ன செய்வாங்க, கூரைக்கட்டையை உருவி எரிக்கிறாங்க. நீங்க விறகு குடுங்க."

"இருட்டுல ஈரச்சாக்குல படுக்க வச்சிருந்தோமே..." என்று தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டே தொம்மை சொன்னான்.

டாக்டர் திரும்பினார். "ஏன்யா, படுக்க வச்சே கொன்னுடுவீங்க போலயே! கனம் தாங்கினாத்தான் எலும்பு கட்டும். நடக்கணும். பாத்துப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா சுமக்கணும், விழுந்துடக் கூடாது. வெறுங்கையில வெயில் படணும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, சின்ன மீனை முள்ளோட தின்னணும். மாத்திரை நான் தர்றேன்."

"முதல் முங்குக்குள்ள எனக்குக் கனம் வந்துருமா டாக்டரம்மா?"

"எலும்புக்கு அவசரம்னா என்னன்னு தெரியாது. போனது முழுசாத் திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம், கொஞ்சம் சேக்கலாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்ததும் தொம்மை வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "முள்ளை எல்லாம் நான்தானே எடுத்துப் போட்டேன் சீலி, பாவி நான்."

"விடுங்க. பூனையாவது நல்லா இருக்கட்டும்" என்றாள் சீலி.

அன்று பொழுது சாய்வதற்குள் கழுத்திலிருக்கிற நாலு மாமியார்களைப் பற்றி ஊருக்கே தெரிந்துவிட்டது, தெரிந்ததும் ஊர் அவர்களைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது. குருசம்மாள் என்கிற மூத்த பாசிக்காரி மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதிலாக நாலு ஏற்றினாள். காளி கோயிலில் நாலு அரிசி மணியை வெற்றிலையில் வைத்துப் படைத்தார்கள். பெண்கள் தொண்டை கமறினால் இருமுவதில்லை, "இதோ வர்றேன் அத்தை" என்றார்கள். கொடுமைக்கார மாமியார் வாய்த்தவர்கள் கழுத்தைப் பார்த்துத் திட்டிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. உயிரோடு இருக்கிற மாமியார்கள், எங்களைத்தான் சாடை பேசுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் சாப்பிடவில்லை. ஆம்பளைகளுக்கும் கழுத்தில் நாலு பேர் உண்டாமே என்று டீக்கடையில் ஒருவன் சொன்னபோது, எல்லாரும் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

சீலி புருசன் சட்டையின் ரெண்டு கையையும் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தாள். காலை வெயிலில் வெறுங்கையோடு கரையில் நடந்தாள். முதலில் வெறும் நடை, அப்புறம் கையில் ஒரு செம்பு ஈரமணல், அப்புறம் இடுப்பில் ஒரு குடம் ஈரமணல். நெத்திலியைத் தலையோடு முள்ளோடு போட்டு நறநறவென்று மென்றாள், பூனை எதிரில் உட்கார்ந்து இதென்ன அநியாயம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொம்மை அவளைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் இறக்கி எவ்வளவு அமிழ்கிறாள் என்று பார்ப்பான். "இடுப்பு இறங்கிருச்சு!" என்று கரையில் நிற்கிறவர்களுக்குக் கத்திச் சொல்வான். அடுத்த ஞாயிறு "நெஞ்சு!" என்பான். ஊர் கைதட்டும். ஞானப்பூவும் தட்டுவாள், கொஞ்சம் மெதுவாக.

முதல் முங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. தாடைக்கு மேலே இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. வள்ளங்களுக்கெல்லாம் தோரணம் கட்டி, வேட்டுப் போட்டு, பாசிக்காரிகள் அத்தனை பேரும் பாரைச் சுற்றி வளையமாக மிதவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் சீலி. அடியில் அம்மிக்கல் மங்கலாகத் தெரிந்தது, எட்டிப் பிடித்துவிடலாம் போல. மூச்சை இழுத்துத் தலையைக் கவிழ்த்தாள். உச்சி மறைந்தது, தலைமுடி மட்டும் மேலே விரிந்தது, அடேயப்பா என்று எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். அப்புறம் மெல்ல, ரொம்ப மெல்ல, முடியும் முதுகும் காலும் திரும்பி வந்தன. மறுபடியும் முங்கினாள். மறுபடியும் வந்தாள். மூன்றாவது தடவை அவள் மேலே வந்தபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மைனி, கொஞ்சம் நகருங்க" என்றாள் ஞானப்பூ.

அவள் வள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்று, சிலுவை போட்டுக்கொண்டு, கையைக் கூப்பிக் குதித்தாள் பாருங்கள், கடலே பிளந்த மாதிரி இருந்தது. ஆனால் குதிக்கிறபோது இடுப்பு வள்ளத்து ஆணியில் உரசிவிட்டது. டப் என்று ஏதோ அறுந்தது. தண்ணீருக்குள்ளே கரிய குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையைப் பார்த்து இறங்கின, ஞானப்பூவோ அதே வேகத்தில் மேலே வந்தாள், இடுப்பு வரைக்கும் தண்ணீருக்கு வெளியே எழும்பி, பொத்தென்று மல்லாக்க விழுந்து மிதந்தாள்.



"அடியே ஞானப்பூ, இடுப்புல என்னடி கட்டியிருந்த?" என்றாள் குருசம்மாள்.

"வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு" என்று சொல்லி ஞானப்பூ ஓவென்று அழுதாள். "மைனிக்கு முன்னாடியே எனக்கு முங்கறது நின்னுபோச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கட்டிக்கிட்டே இருந்தேன். நான் ஒருத்திதான் இப்படி ஆயிட்டேன்னு நெனச்சேன்."

குருசம்மாள் மெல்லத் தன் மடியை அவிழ்த்து ஒரு வழவழப்பான கருங்கல்லை வெளியே எடுத்தாள். அடுத்தவள் ஒரு படிக்கல்லை எடுத்தாள். இன்னொருத்தி வெற்றிலை இடிக்கிற உலக்கையை, இன்னொருத்தி வெண்கலத்தில் செய்த ஆரோக்கிய மாதா சொரூபத்தை, மாதாவே மன்னிச்சிடு என்று முத்தம் கொடுத்துவிட்டு எடுத்தாள். ஐம்பதைத் தொட்ட பெண்கள் எவளும் பாக்கி இல்லை. எடுக்க எடுக்க ஒவ்வொருத்தியும் ஒரு சாண் மேலே எழும்பினாள், கடைசியில் அத்தனை பேரும் மல்லாக்க மிதந்துகொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

சீலிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஏண்டி, எல்லாரும் மடியில கல்லைக் கட்டிக்கிட்டா என் மேல பையைத் தொங்கவிட்டீங்க? வெத்தலப் பெட்டியை என் வயித்துல வச்சீங்களேடி! ஒருத்தி, ஒரே ஒருத்தி, எனக்கும் அப்படித்தான்னு சொல்லியிருந்தா நான் இருட்டு அறையில கெடந்து இப்படி அழுதிருப்பேனா?"

முதலில் நகர்ந்தது ஞானப்பூதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குருசம்மாள் கையிலிருந்த கல்லை வாங்கிச் சீலியின் இடுப்பு வலைப்பைக்குள் போட்டாள்.

"எல்லாரும் போடுங்கடி" என்றாள்.

"கல்லைக் கட்டிக்கிட்டு முதல் முங்கு செல்லுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அம்மிக்கல்லைத் தொடணும்னுதான் பேச்சு" என்றாள் குருசம்மாள். "எப்படிப் போய்த் தொடணும்னு எந்தச் சிறுக்கியும் சொல்லிவைக்கல."

கல்லும் உலக்கையும் மாதாவும் படிக்கல்லும் பைக்குள் விழுந்தன. சீலி மூச்சை இழுத்தாள். கடல் கதவைத் திறந்தது.

இறங்கினாள். வேட்டுச் சத்தம் நின்றது, தொம்மையின் கத்தல் நின்றது, காக்காய் நின்றது. எத்தனை மாதமாயிற்று! அம்மிக்கல்லைத் தொட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். கழுத்தில் கை வைத்து, அத்தைமார்களே, ஒரு நிமிசம் சும்மா இருங்க என்று மனசுக்குள் சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். மேலே வெளிச்சத்தில் அத்தனை பெண்களும் முகம் கவிழ்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லார் வாயும் சீலி, மைனி, சின்னம்மா என்று அசைந்தது, ஒன்றுகூடக் கேட்கவில்லை. காலமெல்லாம் கூப்பிட்ட அதே வாய்கள்தான். சத்தமில்லாமல் பார்த்தபோது எவ்வளவு பிரியமாக இருக்கிறது என்று நினைத்தாள்.

மூச்சு முட்டியது. கனத்தோடு மேலே போக முடியாது. பைக் கயிற்றை அவிழ்த்து எல்லாவற்றையும் அம்மிக்கல்லைச் சுற்றிக் கொட்டி, மாதாவை மட்டும் நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு பிடி மரிக்கொழுந்தைப் பிய்த்துக்கொண்டு மேலே சீறி வந்தாள்.

வேட்டு வெடித்தது. தொம்மை வள்ளத்திலிருந்து தண்ணீரில் விழுந்தான். எல்லாரும் குலவை போட்டு முடித்த பிறகுதான் குருசம்மாளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"அடியே சீலி, எங்க கல்லெல்லாம் எங்கடி?"

"கீழ இருக்கு" என்றாள் தலைவி. "முங்கி எடுத்துக்குங்க."

மறுநாள் காலையில் கோரைமுனைக் கரையில் பாசிக்காரிகள் அத்தனை பேரும் சட்டைக் கையை வெட்டிவிட்டு, இடுப்பில் மணல்குடத்தோடு, நெத்திலியை முள்ளோடு மென்றுகொண்டு, கழுத்துக்குள் இருக்கிறவர்களை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டு நடந்தார்கள். பூனைக்குப் பட்டினி. டாக்டர் ஜெய்லானி மாத்திரை போதவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார். சிலருக்குக் கொஞ்சம் கனம் கூடியது. குருசம்மாளுக்குக் கூடவே இல்லை. தலைவி யோசித்து, முங்க முடியாதவளுக்கும் வள்ளத்தில் இடம் உண்டு, பங்கும் உண்டு என்று சொல்லிவிட்டாள். இப்போது குருசம்மாள்தான் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறாள். அவள் வயிற்றில் யாரும் வெற்றிலைப் பெட்டி வைப்பதில்லை, அவளாகக் கேட்டால் ஒழிய.

மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்த ஒருநாள் ஞானப்பூ எந்தக் கனமும் கட்டாமல் தலையைக் கவிழ்த்தாள். போனவள் வரவில்லை. சீலி தண்ணீரை அடித்துக்கொண்டு "ஞானப்பூ! ஏ ஞானப்பூ!" என்று கத்தினாள். ஒருவழியாகக் கையில் ஒரு ஈயக்குண்டைப் பிடித்துக்கொண்டு அவள் வந்து சேர்ந்தாள், கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"உயிரே போச்சுடி. எத்தனை தடவை கூப்பிட்டேன்!"

"கூப்பிட்டீங்களா மைனி?" என்றாள் ஞானப்பூ. "அங்க ஒண்ணுமே கேக்கலையே. இத்தனை நாள் குண்டு அவுந்துருமோ, கயிறு தெரிஞ்சிருமோன்னு பயந்துக்கிட்டே முங்கினேனா, இதைக் கவனிக்கவே இல்ல மைனி."

சீலிக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. வள்ளத்திலிருந்து தொம்மை, "சீலி, அந்தத் தண்ணிக்கேன் எங்க?" என்று கேட்டான். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தாள். கடல் அவளைக் கொஞ்ச நேரம் மேலேயே வைத்து யோசித்தது. அப்புறம் உள்ளே விட்டது.